சத்தம் போன கழுத்து

டாக்டர் தன் அறைக் கதவை லேசாகத் திறந்து எண்ணிப் பார்த்தார். எதிரே மனைவியின் அறை வாசலில் பதினொரு பேர். அவர் வாசலில் இருமலோடு ஒருவர் மட்டும். அந்த ஆளும் எதிர்க் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் அங்கே டோக்கன் போடவா சார்?" என்றாள் நர்ஸ்.

இருபது வருடமாக இருவரும் ஒரே கிளினிக்கில் குடும்ப டாக்டர்கள். மனைவி பயிற்சிக்குப் போய் வந்து, கழுத்து ரத்தக் குழாயை ஸ்கேன் செய்ய ஆரம்பித்த பிறகுதான் இந்த வயிற்றெரிச்சல். அறுபது தாண்டியவர்கள், புகைபிடித்தவர்கள் எல்லோரும் அவள் பட்டியலில் இருந்தார்கள்.

இன்றைய பட்டியலில் ஒரு தையல்காரரும் இருந்தார். அவர் டாக்டரின் நோயாளி. குழாய் குறுகினால் கேட்கும் 'உஸ்' சத்தத்தை ஆறு மாதத்துக்கு முன் வெறும் ஸ்டெதாஸ்கோப்பால் பிடித்து, மாத்திரை கொடுத்தவர் டாக்டர்தான். அதற்குக் கைதட்ட ஆளில்லை.

வரிசையில் நின்ற தையல்காரரைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். இடது கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். சத்தமே இல்லை.

"போயிடுச்சுய்யா. மாத்திரை வேலை செஞ்சிருக்கு."

"அப்போ ஸ்கேன்?"

"காது இருக்கும்போது அது எதுக்கு?" எதிர் அறைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, நர்ஸிடம் பட்டியலை வாங்கித் தையல்காரரின் பெயரை அடித்தார்.

தையல்காரர் பொத்தானைப் போட்டபடி சொன்னார்: "கண்ணுக்கும் சொட்டு மருந்து எழுதிடுங்க. நேத்து நூல் கோக்கும்போது இடது கண்ணுல ஷட்டர் இறங்கின மாதிரி இருட்டிடுச்சு. ரெண்டு நிமிஷத்துல தானா திறந்துக்கிச்சு. கடைய மூடறதுக்குள்ள கண்ணு முந்திக்கிச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. கண் இப்படி இருட்டுவது கழுத்துக் குழாய் அடைப்பின் எச்சரிக்கை; குழாய் கிட்டத்தட்ட முழுக்க அடைத்துக்கொண்டாலும் சத்தம் போய்விடும். கல்லூரியில் இதை மனைவிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

வேறு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால் வீட்டில் தெரியாது. ஆனால் அங்கே நாளைக்குத்தான் இடம் கிடைக்கும். அதற்குள் பக்கவாதம் வந்தால், இடது குழாய் அடைப்புக்கு விழுவது வலது பக்கம்; போவது இந்த மனிதரின் ஊசி பிடிக்கும் வலது கை.

அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினார்.

"வரிசையில வாங்க," என்று யாரோ முனகினார்கள்.

"என் பேஷண்ட். முதல்ல இவரைப் பாரு," என்றார் மனைவியிடம்.

பட்டியலில் அடிக்கப்பட்டிருந்த பெயரை அவள் பார்த்தாள். தையல்காரரின் கழுத்தில் ஜெல்லைத் தடவினாள். திரையில், கறுத்த குழாய்க்குள் ரத்தம் ஓடுவதைக் காட்டும் வண்ணக் கோடு நூலிழை போல ஒன்றே ஒன்று.

"இதுல என் ஊசிகூட நுழையாது போலிருக்கே," என்றார் தையல்காரர்.

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணே." கணவனிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, நீங்க சந்தேகப்பட்டு அனுப்பினதா லெட்டர்ல எழுதட்டுமா?"

அந்தப் பெருந்தன்மைதான் அவரை அதிகமாகச் சுட்டது. அவர் பேனாவை வாங்கினார். 'சத்தம் இல்லையென்று ஸ்கேன் வேண்டாமென நிறுத்தினேன். தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது தையல்காரர் திரும்பிப் பார்த்தார். "என்ன இருந்தாலும் டாக்டரம்மா கை ராசியான கை சார்."

சுருக்கென்றது.

"தெரியும்யா. ஏறு," என்றார் டாக்டர்.