போன மாதத்து எண்

எங்கள் இருவரையும் ஒரே வீட்டில்தான் கொடுத்தார்கள். மூத்தவருக்கு நான், வெளியூரில் வேலை பார்த்த இளையவருக்கு என் தங்கை. சின்ன வயதில் ஒல்லி உடம்பும் பெரிய தலையுமாக இருந்ததால் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். கல்யாணமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. மாமியாரே அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கையெழுத்தும் நன்றாக இருக்கும். அதுதான் வினையாகப் போயிற்று.

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தின் காலி வகுப்பறைக்குக் கர்ப்பிணிகளைப் பார்க்க நர்சம்மா வருவார். பதினோரு ஊருக்கு அவர் ஒருத்தர். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, அவரவர் அட்டையில் நான் எழுதுவேன். என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லுக்காகவே அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன்.

தங்கைக்கு ஆறாம் மாதம் நடந்தபோது, பிரஷர் பார்க்கும் கருவியின் ரப்பர் பை கிழிந்துவிட்டது. காற்று நிற்கவில்லை.

"இப்ப என்ன எழுதறது?" என்றேன்.

"வேற வேணும்னு கேட்டிருக்கேன். வரும்போது வரட்டும். போன மாசம் என்ன இருக்கோ அதையே போடு டீச்சர்."

"பாக்காமலேயா?"

"கட்டத்தைக் காலியா விட்டா மேல இருக்கறவங்க என்னைத்தான் காய்ச்சுவாங்க. உன்னையா கூப்பிடப் போறாங்க?"

போட்டேன். முப்பது அட்டையிலும் போட்டேன். தங்கையின் அட்டையில் நூற்றுப் பத்துக்கு எழுபது. கீழே நர்சம்மா கையெழுத்துப் போட்டார். ஏழாம் மாதமும் கருவி வரவில்லை. அப்போதும் நூற்றுப் பத்துக்கு எழுபது. இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவளுக்குத் தலைவலி வந்தது. மாமியார்தான் பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சீட்டு கொடுப்பவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு? தலைவலிக்கெல்லாம் இங்க வந்து நின்னா எப்படிம்மா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். "இனிமே இடுப்பு வலி கண்டாத்தான் அந்தப் படி ஏறுவேன்" என்று சொல்லிக்கொண்டே மாமியார் அவள் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டார். கெட்டவர் இல்லை. நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் மாதமும் அதே எண்ணை எழுதினேன். அந்த வாரமே அவள் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. என் வீட்டுக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு, "குண்டூசி கடப்பாரை ஆயிட்டேன் பாருக்கா" என்று சிரித்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணுல பூச்சி பறக்குதுக்கா. நீ ரெண்டு ரெண்டாத் தெரியற. ஒரு அக்காவையே தாங்க முடியல, இதுல ரெண்டா?"

பிரஷர் ஏறினால் கண் இப்படி ஆகும், வலிப்புகூட வரும் என்று நர்சம்மா சொல்லிக் கேட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் வேனில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற மாமியாரிடம் போனேன்.

"அத்தை, அவளை இப்பவே வேன்ல கூட்டிட்டுப் போகணும்."

"அட்டைல எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி அனுப்பினாங்களே. மறுபடியும் போய் அசிங்கப்படவா?"

"அது பொய் அத்தை. பாக்காமலே நான் எழுதினது."

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "கேட்டியாடா? தங்கச்சின்னா இவ என்ன வேணும்னாலும் சொல்லுவா. நர்சம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க, பொய்யாம்!"

"இதுக்கு எதுக்குச் சண்டை? அவங்களையே கேட்டுடுவோம்" என்று அவர் போனில் நர்சம்மாவைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். பிரஷர் நிஜமாகவே பார்த்தீர்களா என்று கேட்டார்.

"அட்டைல என்ன இருக்கோ அதுதாங்க" என்றார் நர்சம்மா.

என் வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எதுக்குடி அந்தம்மா பேரைக் கெடுக்கற? பால் கெட்டுடும். ஊத்திட்டு வந்து பாக்கறேன்."

வேன் போய்விட்டது. பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அதைவிட நேரமாகும். மாமியார் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் உள்ளே போய்த் தங்கையைச் சுவரோரமாகப் படுக்க வைத்து, அவள் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க அங்கே என்ன இருந்தது?

பத்தரை மணிக்கு அவளுக்கு வலிப்பு வந்தது. பல்லுக்கு நடுவே நாக்கு மாட்டி ரத்தம் வழிந்தது. மாமியார்தான் தலைமுடி அவிழ ரோட்டுக்கு ஓடி, செங்கல் ஏற்றி வந்த லாரியின் முன்னால் போய் நின்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அட்டையைப் புரட்டினார். "நாலஞ்சு நாள் முன்னாடிகூட பிரஷர் சரியா இருந்திருக்கே. இவங்களுக்கு முன்னாடியே வலிப்பு நோய் உண்டா?"

"அதை நம்பாதீங்கம்மா. நான்தான் எழுதினேன். மூணு மாசமா யாருமே பாக்கல."

டாக்டரம்மா என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அட்டையை மேஜையில் எறிந்துவிட்டு, ஊசி மருந்துக்குக் குரல் கொடுத்தபடி ஓடினார். காலையில் வாசலில் நான் சொன்ன அதே சொற்கள்தான். மாமியார் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தார்.

குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். தங்கை மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தாள்.

நர்சம்மாவைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஆள் அனுப்பினார், நான் போகவில்லை. அட்டையைப் பற்றியும் மாமியார் மூன்று மாதம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்து என் மடியில் போட்டார். போட்டுவிட்டு நகராமல் நின்றார்.

"அன்னிக்கு வாசல்ல இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல நீ?" என்றார்.

"சொல்லியிருக்கலாம் அத்தை" என்றேன்.