தோளில் இரண்டு முறை

வண்டி ஓடும்போது அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஹெல்மெட்டும் காற்றும் இன்ஜின் சத்தமும் சேர்ந்துவிட்டால் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டார்கள். அதனால் தோளிலேயே பேசப் பழகினார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி அவருடைய வலது தோளில் ஒரு முறை தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு முறை தட்டினால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் பாஷை. கல்யாணம் பண்ணிக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் பேச்சு எதற்கு என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொண்டு பேசுகிற கருவி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று மகள் ஒருமுறை சொன்னாள்.

"வீட்ல கேக்குறது பத்தாதா? ரோட்லயுமா?" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் ஆறு நாளும் இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடு மல்லுக்கட்டுகிறவருக்கு, லீவு விட்டால் திறந்த வெளியில் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் போய் வந்தால்தான் மூச்சு வரும். மனைவி சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து முடித்த சட்டை அவள் கைக்கு வந்துதான் பெட்டிக்குப் போகும். காலரில் ஒரு தையல் விட்டிருந்தால் போதும், மூக்கில் வியர்த்துவிடும் அவளுக்கு. கழுகுக்கண் என்று அங்கே எல்லோரும் கூப்பிடுவது அதனால்தான்.

வண்டியிலும் அதே கண்தான். அவருக்கு ஏறினால் இறங்கத் தெரியாது. இடுப்பு கழன்று விழுந்தாலும் போய்க்கொண்டே இருப்பார். எழுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துவது, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வைப்பது, காதில் பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது, பத்து நிமிடம் நடக்க விட்டு முட்டியை மடக்கி நீட்டச் சொல்வது எல்லாம் அவள் பொறுப்பு. இருபத்தெட்டு வருடத்தில் அவராக நிறுத்தியதும் கிடையாது, அவள் தட்டி நிறுத்தாமல் போனதும் கிடையாது.

போன வருடம் அவருக்கு உடம்பில் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரிடம் மனுஷன் வேறு எதையும் கேட்கவில்லை. வண்டி ஓட்டலாமா என்று மட்டும்தான் கேட்டார்.

"தாராளமா ஓட்டுங்க. ஆனா இந்த மாத்திரையைப் போட்டுட்டு வயித்தைக் காயப் போடாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஏதாவது உள்ள போகணும். சர்க்கரை சட்டுனு இறங்கிச்சுன்னா கை கால் நம்ம பேச்சைக் கேக்காது" என்றார் டாக்டர். சொல்லும்போது அவர் பார்த்தது மனைவியைத்தான். ஆண்களிடம் சொல்வதெல்லாம் சுவரிடம் சொல்வது என்று அவருக்கும் அனுபவம் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவளுடைய தோள்பையில் ஒரு பிஸ்கட் டப்பாவும் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் ஏறின. பழைய இரண்டு தட்டுக்கு ஒரு புதுக் கனம் வந்தது. முன்பு அது முட்டிக்காக. இப்போது உயிருக்காக.

மகள் வேலை மாற்றலாகி நானூறு கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தாள். அவளைப் பார்க்க வண்டியில்தான் வருவேன் என்று அவர் அடம்பிடித்ததும், அவள் இரண்டு ஜாக்கெட் வாங்கி அனுப்பினாள். கறுப்பு நிறம். முழங்கையிலும் முதுகிலும் தோளிலும் உள்ளே தகடு வைத்தது. பார்சலைப் பிரித்ததும் அம்மாக்காரி தன் தொழிலைக் காட்டினாள். உள்ளே வெளியே திருப்பினாள், ஜிப்பைப் பத்து முறை ஏற்றி இறக்கினாள், கக்கத்துத் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். ஒரு குறை இல்லை. பாஸ் என்று சொல்லி அவர் மடியில் போட்டாள். தைத்த துணியைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, அதைப் போட்டுக்கொண்ட ஆளின் தோளில் கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் சண்டை வந்தது. வராமல் இருந்தால்தான் அதிசயம். வழக்கமாக வரும் சண்டை வாசலோடு முடிந்துவிடும். இது அப்படி முடியவில்லை.

"நீங்க பஸ்ல வாங்கன்னு சொன்னா கேக்குறீங்களா? அம்பத்தாறு வயசாச்சு. உடம்புல இவ்வளவு இருக்கு. யாருகிட்ட வீராப்பு?" என்றாள், சாப்பாட்டை வைத்துக்கொண்டே.

"பயமா இருந்தா நீ பஸ்ல வா. நான் ஒண்ணும் உன்னை வருந்தி வருந்திக் கூப்பிடல. பின்னாடி மூட்டை இல்லாம போனா வண்டிக்கும் லேசு."

பாதித் தட்டு அப்படியே இருக்க, மாத்திரையை மட்டும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு எழுந்து போய்விட்டார்.

மூட்டை. இருபத்தெட்டு வருடம் வெயிலிலும் மழையிலும் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு இந்தப் பெயர். அவளுக்குக் கண் கலங்கியது. பஸ்ஸில் போயிருப்பாள், சத்தியமாகப் போயிருப்பாள். அந்தப் பாதித் தட்டைப் பார்த்ததும்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஜாக்கெட்டை மாட்டினாள்.

ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஒன்றரை மணி நேரம் போனதும் அவள் வலது கையைத் தூக்கி அவர் தோளில் இரண்டு முறை தட்டினாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. நிறுத்த நல்ல இடமாகப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தாள். ஒரு பெட்ரோல் பங்க் போனது. நிழலோடு ஒரு கடை போனது. இருபது நிமிடம் பொறுத்துவிட்டு மறுபடியும் தட்டினாள், இந்தமுறை அழுத்தமாக. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அப்போது அவளுக்குள் ஏதோ அறுந்தது. ஓகோ, அந்த அளவுக்கு வந்துவிட்டதா? காலையில் மூட்டை என்றாயிற்று, இப்போது மூட்டை தட்டினால் எதற்கு நிறுத்துவானேன் என்றாயிற்றா? சரி. பசித்தால் தானாக நிறுத்தட்டும். தலை கிறுகிறுத்தால் தானாக வந்து பிஸ்கட்டுக்குக் கை நீட்டட்டும். இனி நான் தட்டுவதாக இல்லை.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாதித் தட்டு அவள் நினைவில் இல்லாமல் இல்லை. மாத்திரை உள்ளே போயிருப்பதும் தெரியும். டாக்டர் தன்னைப் பார்த்துச் சொன்னதும் தெரியும். எல்லாம் தெரிந்தே ஒன்றரை மணி நேரம் மடியில் கையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிடித்து உலுக்கியிருக்கலாம், தொடையில் கிள்ளியிருக்கலாம், ஹெல்மெட்டில் ஓங்கி ஒரு அடி போட்டிருக்கலாம். வழி தெரியாமல் இல்லை. மனசு வரவில்லை.

ஒன்பதரை இருக்கும். வண்டியின் வேகம் காரணமில்லாமல் குறைந்தது, கூடியது, மறுபடி குறைந்தது. வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அடுத்தமுறை தொட்டபோது திரும்பவில்லை. "என்னங்க! என்னங்க!" என்று அலறிக்கொண்டே இரண்டு கையாலும் அவர் முதுகில் அறைந்தாள். தார் முடிந்து சரளைக்கல்லில் இறங்கிய முன் சக்கரம் வழுக்கியது. அவள் தனியாகப் போய் விழுந்தாள். அவர் வண்டியோடு சேர்ந்து இழுபட்டுப் போனார்.

எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் முகமெல்லாம் வியர்வை. வலது கால் முட்டிக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. "லிஃப்ட் ஏன் நிக்கல? கதவைத் தொறங்க" என்று குழறினார். அவள் குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, விரலில் தொட்டுத் தொட்டு அவர் கன்னத்தின் உள்பக்கம் தடவினாள். அவசரத்தில் பாதி மண்ணில் கொட்டியது. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அந்தக் கால் மணி நேரமும் அவள் வாயில் ஒரே வார்த்தைதான். "போயிடாதீங்க. போயிடாதீங்க."

அவர் போகவில்லை. காலில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். மகள் அன்று மதியமே வந்து சேர்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இப்படி விழுந்தும் தோள்ல, முதுகுல ஒரு கீறல்கூட இல்ல. நல்ல ஜாக்கெட். அதுதான் ஆளைக் காப்பாத்திருக்கு."

மகளுக்கு முகம் மலர்ந்து, உடனே அழுகை வந்தது. "நான் வாங்கிக் குடுத்ததுதான் டாக்டர்" என்றாள். அன்று வந்த நர்ஸிடம் சொன்னாள், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னாள், போனில் அத்தையிடம் சொன்னாள். பாவம், அவளுக்கும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மதியம் அவர் தூங்கும்போது அம்மா, ஆஸ்பத்திரிக்காரர்கள் பையில் போட்டுக் கொடுத்திருந்த அந்த ஜாக்கெட்டை எடுத்து மடியில் விரித்தாள். பழக்க தோஷம், கை தானாகத் தையலைத் தேடியது. முழங்கை கிழிந்திருந்தது. கக்கம் பிரியவில்லை. தோளுக்கு வந்தபோது விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். மரக்கதவைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது.

சந்தேகத்தோடு எழுந்து போட்டுக்கொண்டாள். இடது கையால் தன் வலது தோளில் இரண்டு முறை தட்டினாள். பிறகு ஓங்கித் தட்டினாள். கைதான் வலித்தது. தோளுக்கு எதுவுமே தெரியவில்லை.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குத் தெரியவே இல்லை. வீம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒன்றும் அறியாத மனுஷன் பசியோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, பின்னால் உட்கார்ந்து நான் கோபத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

மாலையில் அவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டே, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஏம்மா, நீதான் எப்பவும் தட்டி நிறுத்துவியே. அன்னிக்கு ஏன் நிறுத்தல? மூணரை மணி நேரம் நிக்காமயா வந்தீங்க?"

அம்மா ஜாக்கெட் இருந்த பையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லலாம். தட்டினேன், தட்டியது அப்பாவுக்குத் தெரியவில்லை, நீ அனுப்பியதுதான் மறைத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெண் ஜென்மத்துக்கும் அதைச் சுமப்பாள்.

"தட்டல" என்றாள். "காலைல சண்டை. கோவத்துல இருந்தேன். தட்டல."

கரண்டி கிண்ணத்தில் விழுந்தது. "மாத்திரை போட்டிருக்காருன்னு தெரியும்ல? அப்படி என்னம்மா கோவம்? அப்பா செத்திருந்தா?"

"தெரியும். என் தப்புதான்."

மகள் அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். அவர் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார். "எதுக்கு அவகிட்ட அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"தட்டலைன்னு. நீ தட்டினே. ரெண்டு தடவை."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியாதே. அந்த ஜாக்கெட்ல தோளுக்கு ஒண்ணுமே தெரியாதே."

"தோளுக்குத் தெரியல. கண்ணாடில தெரிஞ்சுது. உன் கை வர்றதும் போறதும் பார்த்தேன். காலைல நீ வயசைச் சொன்னே பாரு, அது உள்ளேயே குடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு ஒரு நாள் நான் நெனச்ச இடத்துலதான் நிறுத்துவேன்னு ஒரு திமிர். பசிச்சுது. கை லேசா நடுங்கிச்சு. மூணாவது தடவை நீ தட்டினா நிறுத்திடலாம்னு கண்ணாடியையே பார்த்துக்கிட்டு வந்தேன்."

மதியத்திலிருந்து அவரைக் குற்றமில்லாதவராக்கி, தன்னையே கொன்றுகொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கட்டிலைப் பிடித்து உலுக்கலாமா என்றிருந்தது. அந்த ஆத்திரம் பாதியிலேயே நின்றும் போனது, ஏனென்றால் தன் கை மடியில் இருந்த அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்கு நிமிடம் நிமிடமாக ஞாபகம் இருந்தது.

"மூணாவது தடவை நான் தட்டல" என்றாள்.

"தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு நோயாளியைத் தள்ளுவண்டியில் அழைத்துக்கொண்டு போனார்கள்.

"அவ வரட்டும், நான் உண்மையைச் சொல்லிடுறேன். பழி உன் மேல மட்டும் இருக்க வேணாம். அந்த ஜாக்கெட்டு..."

"அதை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அவள். "அது உங்களைக் காப்பாத்திச்சு. கொல்லப் பார்த்தது நாம ரெண்டு பேரும்தான்."