ரோல்ஸ் நீட்டிய கை

...வேண்டுமென்று செய்யவில்லை, முன்பு டொல்பின் பழக்கிய லெஸ்லியின் கை செய்தது, சத்தம் போட்ட பிள்ளைகளை அடக்க விசிலை ஊதினார், ஊதியதோடு நின்றிருக்கலாம், ஒரு சிறுமி துள்ளிக் கைதட்டியதும் கை தானாக இடுப்புப் பையைத் தேடிப் போயிற்று, பையும் இல்லை மீனும் இல்லை, பக்கத்து மேசையில் மனைவி கிளறிற்றா அடுக்கி வைத்த மட்டன் ரோல்ஸ்தான் இருந்தது, ஒன்றை எடுத்து அவள் வாயருகே நீட்டிவிட்டார். பிறகென்ன, மாதா கோயில் மண்டபத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ரோல்ஸுக்குத் துள்ளினார்கள், மேசை சரிந்தது, புரொஜெக்டர் சரிந்தது, டொல்பின்களைத் தொட்டியில் அடைப்பது பாவம் என்ற அவருடைய பேச்சும் கூடவே சரிந்தது... அந்தச் சிறுமியின் தாய் வந்து, பள்ளி லீவுக்கு டொல்பின் ஆட்டத்தை எங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று விசாரித்தாள். கிளறிற்றா கூட்டத் தும்புத்தடியைக் கையில் தந்தாள், இவ்வளவு காலம் மனைவியாக இருந்தவளுக்குப் பேச்சு எதற்கு.

கூட்டினார்... லண்டன் மனோர் பார்க்கில் ரோல்ஸ் கூட்டுகிற மனிதன் ஒருகாலத்தில் ஸ்பெயின் கரையில் கொடிகட்டிப் பறந்தவன், யார் நம்புவார்கள், கடலை இரும்புக் கதவால் மறித்த தொட்டி, அதற்குள் நினா, அவர் பழக்கிய டொல்பின், விசில் என்றால் மீன், மீன் என்றால் துள்ளல், பசியில் வைத்துத்தான் பழக்கினார், அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தார், ரோல்ஸ் விடவில்லை. லண்டனுக்கு வந்த நாளிலிருந்து கதவைத் திற என்று பதாகை பிடிக்கிறார், சரி, திறந்தால் அவள் போவாளா? கேட்டதற்கு மிருக வைத்தியர் பொறுத்துப் பார்ப்போம் என்றார், டொல்பின் மீட்புச் சங்கத் தலைவி நம்பிக்கை முக்கியம் என்றாள், ஃபாதர் செபிக்கச் சொன்னார்... கஸ்பர் இருக்கிறான், மன்னார்க்காரன், இன்னும் அந்த ஸ்பெயின் தொட்டியில் டொல்பின்களுக்கு மீன் வெட்டுகிறவன், கேட்டால் அவனும் முழங்கால் வலியைத்தான் சொல்வான். இருந்தாலும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனை எடுத்தார். முழங்கால் வந்தது, குளிர் வந்தது, ஈஸ்ட் ஹாமில் நல்ல கருவாடு கிடைக்குமோ என்ற கேள்வியும் வந்தது.

“முழங்காலை விடு, கஸ்பர். கதவைத் திறந்தால் நினா போவாளோ?”

மறுபக்கம் பலகையில் கத்தி விழும் சத்தம் நின்றது.

“போகமாட்டாள், அண்ணை. போன கிழமை புயலிலை கதவு பிஞ்சு போச்சு, கடல் திறந்துதான் கிடந்தது. மற்றதுகள் எல்லாம் கடலுக்குப் போயிட்டுதுகள். நீங்கள் நிண்டு விசில் ஊதின படிக்கட்டு இருக்கெல்லோ, இவள் அதிலை தலையை வைச்சுக்கொண்டு கிடந்தவள். இப்பவும் அங்கைதான்.”