முப்பத்தாறு அடி கீழே, எட்டு அடி வடக்கே

பாறைச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு. கையகலம் இருக்கும். விளக்கொளி பட்டால் பாலாய்த் தெரியும். அந்த வெள்ளைக்கல்லுக்குள்தான் தங்கம்.

இருபது ஆண்டுகளாகக் கோலார்ச் சீமை ஆட்கள் அதன் பின்னாலேயே சுரங்கம் வெட்டிக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் அது நின்றுவிட்டது. அரிவாளால் நறுக்கியது போல. அப்பால் வெறும் சாம்பல் பாறை.

பிளவு, என்றார் சுரங்கத்தின் நிலவியலாளர் திருஞானம். எப்போதோ பூமி இங்கே பிளந்து, ஒரு பக்கம் நகர்ந்துபோயிருக்கிறது. வெள்ளைக்கல்லின் மறுபாதியும் அதோடு போய்விட்டது. எங்கே போனது என்பதுதான் கேள்வி.

சுவரைப் பார்த்தால் வலப்புறம் போனது போலத் தோன்றியது. திருஞானம் அதற்குமேல் யோசிக்கவில்லை. வலப்புறம் வெட்டச் சொல்லிவிட்டார். மேஸ்திரி ஆரோக்கியமும் அவர் கூட்டத்து முப்பது பேரும் இரண்டு மாதம் வெட்டினார்கள். சாம்பல் பாறை. மேலும் சாம்பல் பாறை.

சனிக்கிழமைக்குள் கிடைக்காவிட்டால் இந்தத் தளத்தை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. முப்பது பேருக்கும் வேலை போகும். அவர்களில் யாரும் திருஞானத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

வியாழக்கிழமை அவர் பிளவின் முகத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். மேலே எங்கோ பெய்த மழை கசிந்து கசிந்து அதைக் கழுவியிருந்தது. தலையிலிருந்த விளக்கைக் கழற்றிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்.

அப்போது தெரிந்தது. கீறல்கள். மெல்லிய, நேரான, நூற்றுக்கணக்கான கீறல்கள். பாறையைப் பாறை உரசிக்கொண்டு போன தடம்.

அவை வலப்புறம் போகவில்லை. கீழே போயின. கொஞ்சமே கொஞ்சம் வடக்கே சாய்ந்து.

உள்ளங்கையால் தடவினார். கீழ்நோக்கித் தடவினால் வழுக்கியது. மேல்நோக்கித் தடவினால் சொரசொரத்தது. பாறை உரசிப் போன திசையில்தான் வழுக்கும். அப்படியென்றால் போனது கீழேதான். மனிதர் யாருமே இல்லாத காலத்தில், ஒரு மலையளவு பாறை இந்த வழியாக இறங்கியிருக்கிறது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெக்டர். ஓர் அம்பு. அதற்குத் திசை உண்டு, நீளம் உண்டு. திசையைக் கீறல்கள் சொல்லிவிட்டன. நீளத்துக்கு வேறு சாட்சி வேண்டும். அதே பிளவு ஒரு கறுப்புக்கல் பட்டையையும் அறுத்திருந்தது. அதன் இரண்டு துண்டுகளும் எங்கெங்கே கிடக்கின்றன என்று பழைய வரைபடத்தில் இருந்தது.

கறுப்புக்கல் போன தூரம்தான் வெள்ளைக்கல்லும் போயிருக்கும். ஒரே பாறை, ஒரே அம்பு. முப்பத்தாறு அடி கீழே. எட்டு அடி வடக்கே. எழுதிவிட்டுத் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார் கீது?" என்றார் ஆரோக்கியம்.

திருஞானம் வெள்ளைக் கோடு நின்ற இடத்திலிருந்து வடக்கே நான்கு எட்டு எடுத்து வைத்துத் தரையைக் காட்டினார். "இங்க. இதுக்குக் கீழ."

வெள்ளிக்கிழமை முழுக்கத் துளையிட்டார்கள். முப்பது அடி. சாம்பல். முப்பத்து நான்கு. சாம்பல்.

முப்பத்தாறு தாண்டியதும் துளையிலிருந்து வந்த தண்ணீர் வெளுத்தது. பிறகு குழாயோடு ஒரு கல் தண்டு வந்தது. வெள்ளை. ஓரத்தில் கடுகளவு மஞ்சள்.

ஆரோக்கியம் அதைக் கைக்குழந்தையைப் போல இரு கையாலும் வாங்கினார். முப்பது பேரும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள்.

திருஞானம் ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசம் உங்களத் தப்பான பக்கம் வெட்ட வெச்சது நான்தான், ஆரோக்கியம்."

ஆரோக்கியம் அந்தக் கீறல்களைப் பார்த்தபடி நின்றார்.

"பூமியே இருந்த எடத்துல இல்ல சார்," என்றார். "நீங்க ரெண்டு மாசம் வழி தப்புனதா பெருசு?"