மூன்று வருடப் பாராட்டு

மகள் வாசிப்பது கடைசியாக டிங்கரின் காதில் விழுந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இது அவருக்கும் காது டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். டாக்டர் கச்சேரிக்குப் போகிற ஆள் இல்லை என்பதால் ரகசியம் பத்திரமாக இருந்தது.

மகள் வாசிப்பது ரெக்கார்டர். பாட்டுப் பதிகிற பெட்டி அல்ல, நேராகப் பிடித்து வாயில் வைத்து ஊதுகிற மரக்குழல். பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சாண் நீளக் குட்டியில் தொடங்கி, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் பெரிய குழல் வரை அது ஒரு பெரிய குடும்பம். மகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது குட்டி. அவருடைய காது முதலில் கைவிட்டதும் அந்தக் குட்டியைத்தான்.

நசுங்கிய கார்க் கதவுகளை முப்பத்தைந்து வருடம் சுத்தியலால் தட்டி நேராக்கியவர். காதை அடைத்துக்கொண்டு வேலை செய்யச் சொன்னவர்களிடம், "அடைச்சுக்கிட்டா தகரம் என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தவர். டாக்டர் கொடுத்த காது மெஷின் பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சுக்குத் தேவலை. குழல் சத்தம் வந்தால் மட்டும், தானே கீச்சிடுவதாக நினைத்து அதை அமுக்கிவிடும். மெஷின்தான் இருக்கிறதே என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பட்டறைக்குத்தான் வருவாள். கழற்றிப் போட்ட கார் சீட்டில் உட்கார்ந்து ஊதுவாள். இவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே, "அங்க ஒண்ணு வழுக்குச்சு, திரும்ப ஊது" என்பார். சுரத்தின் பெயர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் தப்பு மட்டும் தப்பாது. மகள் மேடையேறிய பிறகும் அப்படித்தான். ஊரே கைதட்டினாலும் அப்பா வந்து எந்த இடத்தில் வழுக்கியது என்று சொன்னால்தான் அவளுக்குக் கச்சேரி முடிந்த மாதிரி.

மூன்று வருடமாக அவர் பாராட்டு மட்டுமே வழங்கினார். அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதம்" என்பார். முதல் சுரத்துக்கு முன் அவள் கண் கூட்டத்தில் அவரைத் தேடும். அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. காது கேட்காத ஆளை எதற்குத் தேடப்போகிறாள்?

ரெக்கார்டர் விழா வருடத்துக்கு நான்கு நாள், லீவு விட்ட பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும். வகுப்பறைகளில் பாடம், நூலகத்தில் சொற்பொழிவு, பெரிய கூடத்தில் கச்சேரி. காலையிலேயே வராந்தா முழுக்க ஆட்கள் குழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஜுரம் பார்ப்பது போல நடப்பார்கள். மரம் சூடேறினால்தான் சுருதி நிற்குமாம். டிங்கரும் சும்மா இருக்காமல் இரண்டு பேருடைய குழலை வாங்கி அக்குளில் வைத்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் காலை மகளின் கச்சேரி. முதல் வரிசையில் உட்கார்ந்து அவளுடைய தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். விரல்கள் ஓடின. கை இறங்கியதும் மற்றவர்களுக்கு முந்திக் கைதட்டினார். வெளியே வந்த மகளிடம், "நடுவுல அந்த மெதுவான பாட்டு, கண்ணு கலங்கிடுச்சும்மா" என்றார்.

மகள் குழலைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"அதை நான் வாசிக்கவே இல்லையேப்பா. நேரம் போதாதுன்னு விட்டுட்டேன். மேடையில நின்னு சொன்னேனே."

டிங்கர் நிரலைப் பார்த்தார். நிரல் அவரைக் காப்பாற்றவில்லை.

"மூணு வருஷமாவே நீங்க சரியில்ல. எது வாசிச்சாலும் பிரமாதம். பிடிக்கலைன்னா வராதீங்கப்பா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பாடமெடுக்கப் போய்விட்டாள். நினைத்துக்கொண்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது. பாசம் விட்டுப்போகக் கூடாது என்று சொன்ன பொய், பாசமே இல்லை என்று ஆகிவிட்டதே.

பின்னாலேயே போய் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெரிய குழல்களின் வகுப்பு. பேங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, தன்னைவிட உயரமான குழலை அணைத்துக்கொண்டு, வளைந்த பித்தளைக் குழாய் வழியாக ஊதினார். பெஞ்சுப் பலகை அதிர்ந்தது. அப்புறம் காதிலேயே அது வந்தது. கனமாக, மெதுவாக, முழுசாக.

டிங்கர் எழுந்து நடந்தார். வகுப்பு மொத்தமும் திரும்பியது.

"இன்னொரு தரம் ஊதுங்கம்மா" என்று குழலின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

அந்த அம்மா ஊதினார். டிங்கரின் முகத்தைப் பார்த்த மகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவர் அருகில் வந்து, மெஷின் இருந்த காதுப் பக்கம் குனிந்தாள்.

"குட்டி உங்களுக்குக் கேக்கலையாப்பா?"

"இல்லடா."

"எத்தனை நாளா?"

"நீ சொன்னியே, மூணு வருஷம்."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா மேடையில என்னைத் தேட மாட்டியே."

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மகள் அவருடைய சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம் நிறைவுக் கச்சேரி. நிரலில் மகளின் பெயருக்கு நேரே குட்டி என்றுதான் அச்சாகியிருந்தது. அவள் பேங்க் அம்மாவிடம் இரவல் வாங்கிய பெரிய குழலோடு மேடையேறினாள். கண் அவரைத் தேடியது, கண்டுபிடித்தது. இந்தக் குழலையும் அமுக்கிவிடுமோ என்று டிங்கர் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

விட்டுப்போன அந்த மெதுவான பாட்டு. ஒவ்வொரு சுரமும் வந்து அவர் மடியில் உட்கார்ந்துவிட்டுப் போனது. பட்டறையில் எட்டு வயதில் திக்கித் திக்கி ஊதியவள்தான் இவள். அவர் அழுதார், துடைத்துக்கொள்ளவில்லை. கைதட்டவும் மறந்துவிட்டார்.

கச்சேரி முடிந்து வராந்தாவுக்கு வந்த மகள் எதிரே நின்றாள். அவர் மெஷினை மாட்டிக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, "எப்படிப்பா?" என்றாள்.

டிங்கர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாவது தடவை அந்த மெட்டு திரும்பி வருதுல்ல, அங்க ஒண்ணு வழுக்குச்சு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலைத் தாண்டி வழிந்தது.

"ஆமாம்ப்பா. இதுல விரல் வைக்கிற இடம் வேற. பழக்கத்துல குட்டியோட விரலைப் போட்டுட்டேன்."

"எனக்குக் கேக்குதான்னு பார்க்க வேணும்னே போட்டியா?"

"இல்லப்பா. நிஜமாவே தப்புதான்."

"அப்ப சரி" என்றார் டிங்கர். "திரும்ப ஊது."