ஏழு வீட்டுப் பலகை

மிச்சிகோ பிறந்த ஜப்பானிய மலைக்கிராமத்தில் அறிவித்தல்கள் ஒரு பலகையில் வரும். குப்பை எடுக்கும் நாள், கால்வாய் துப்புரவு, ஊர்க்கூட்டம் என்று எல்லாத் தாள்களும் அதில் செருகப்பட்டிருக்கும். வாசித்த வீட்டார் தங்கள் முத்திரையைக் குத்தி, பலகையைத் தாங்களே தூக்கிப்போய் அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். முப்பது வீடு இருந்த காலத்தில் அது வேலிக்கு மேலால் கைநீட்டுகிற வேலைதான். 2012இல் ஏழு வீட்டில்தான் ஆட்கள். நடுவிலெல்லாம் பூட்டிய வீடுகள். மிச்சிகோவின் தாய் செட்சுகோவுக்கு அடுத்த வீடு நானூறு மீட்டர் மேட்டில் இருந்தது.

மாசி மாதம் செட்சுகோ பனியில் வழுக்கி விழுந்தார். வயது எழுபத்தொன்பது. கடல் கடந்து கிரெய்கிபர்னில் மிச்சிகோவுடன் இருந்த மருமகன் விஜிதரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் நேர அட்டவணை போடுவது அவன் தொழில்.

"மாமியை அந்தப் பலகையிலையிருந்து விடச் சொல்லி எழுதும்," என்று மனைவியிடம் சொன்னான். வயதானவரை வேலையிலிருந்து விடுவிப்பது அவனுக்கு மரியாதை. பதினெட்டு வயதில் ஊரைவிட்ட மிச்சிகோவும் எழுதினாள். ஊர்த்தலைவர் நோகுச்சி உடனே சம்மதித்தார்.

சித்திரையில் செட்சுகோ தொலைபேசியில் சொன்னார்: கால்வாய் துப்புரவு முடிந்துவிட்டதாம், அவருக்குத் தெரியாதாம். பதினொரு நாளாக வாசலுக்கு ஒருவரும் வரவில்லையாம். மழை பெய்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பத்து வருடத் திருமணத்தில் மிச்சிகோ யாழ்ப்பாணத் தமிழ் பழகியிருந்தாள்.

"நீங்கள் அம்மான்ர நடையைக் குறைக்கேல்லை. வீட்டுக்கு வாற ஆளை நிப்பாட்டினனீங்கள்."

"நல்லதுக்குத்தானே சொன்னனான்."

"நோகுச்சி சானும் நல்லதுக்குத்தான் விட்டவர்."

விஜிதரன் தாளில் ஏழு புள்ளி வைத்து வட்டம் போட்டான். ஒரு புள்ளியை எடுத்தால், வருகிற கோடும் போகிற கோடும் சேர்ந்தே அறுந்தன.

"கடைசி வீடாப் போட்டால்? பலகை வரும், அவ தூக்கத் தேவையில்லை."

"வாங்க மட்டும் செய்யிற வீட்டை அங்க வீடெண்டு எண்ணமாட்டினம்."

"அப்ப நீரே தலைவரோட கதையும்."

"அவர் செய்த உதவியைப் பிழை எண்டு நான் சொல்லேலாது. யோசினை உங்கட."

"என்ர ஜப்பான் பாசையில மீனும் வாங்கேலாது."

"மீன் வேண்டாம். மன்னிப்புக் கேளுங்கோ."

மூன்று வசனத்தைப் பாடமாக்கி அவன் தொலைபேசியில் தலைவருடன் கதைத்தான். நோகுச்சியின் பதிலை மிச்சிகோ பக்கத்திலிருந்து கேட்டுத் தமிழில் சொன்னாள்: மேட்டு வீட்டுக்காரர் இலையுதிர் காலத்தில் மகனிடம் போகிறார்கள், அதற்குப் பிறகு வீட்டு வரிசையை மாற்றத்தான் வேண்டும். அதுவரை செட்சுகோவைப் பழைய இடத்திலேயே போடுவார்.

அடுத்த ஞாயிறு செட்சுகோவை அழைத்தபோது மணி அடித்துக்கொண்டேயிருந்தது.

"ஏற நாப்பது நிமிசம்," என்றாள் மிச்சிகோ. "அங்க தேத்தண்ணி குடிப்பா."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் ஒருவரும் எடுக்கவில்லை. விஜிதரன் எழும்பினான்.

"இருங்கோ."

மூன்றாம் தரம் செட்சுகோ எடுத்தார். மூச்சிரைப்பு அவனுக்கே கேட்டது.

"என்னவாம்?"

"வழியில ரண்டு தரம் இருந்தவவாம். பலகையைக் குடுத்திட்டாவாம். முழங்கால் நோவாம்."

"அடுத்தது எப்ப?"

"வியாழன்."

"திரும்பவும் ஏறப்போறாவோ?"

"ஓம்," என்றாள் மிச்சிகோ.