வழிமொழிய ஓர் ஆள்

மதுரையை ஒட்டிய அந்தச் சின்ன நகராட்சிக்கு எண்பத்தாறில் தேர்தல் நடந்தது. காலனி வார்டில் ஜெயித்தவள் மலையம்மாள். மில் தொழிலாளி, சங்கத்தில் பேசிப் பழகியவள்.

அந்த ஐப்பசி மழையில் காலனி வாய்க்கால் பாலம் இடிந்து விழுந்தது. கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்போது அதில் போன காலனிக்காரி செல்லத்தாய்க்குக் கால் எலும்பு முறிந்தது. பாலம் கட்டியவர் கான்ட்ராக்டர் பால்பாண்டி. அவரைக் கேள்வி கேட்க மன்றத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. தேர்தலில் பாதிப் பேருக்கு ஜீப்பும் மைக் செட்டும் அவர் கொடுத்தவைதான்.

மலையம்மாள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். நகராட்சி வேலை எடுக்கிறவர்களிடம் வேட்பாளர்கள் பணமோ வண்டியோ வாங்கக் கூடாது, தேர்தல் செலவுக்கு யார் கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவரும் வெளியில் சொல்ல வேண்டும், இப்படி விதி போடும்படி அரசாங்கத்தைக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். வழிமொழிகிறேன் என்று காலையில் டீக்கடையில் வைத்து வாக்குக் கொடுத்திருந்தார், அவள் கட்சியின் இன்னொரு கவுன்சிலர் சின்னச்சாமி.

அவள் பேசும்போதே சிரிப்பு கிளம்பியது. சங்கத்துக்குச் சந்தா பிரிக்கிற கைக்குக் கணக்குப் பேச என்ன யோக்கியதை என்று ஒருவர் கேட்டார். தலைவர் காசிமாயன் யாரையும் அடக்கவில்லை. அவள் முடித்ததும், வழிமொழிய ஆள் உண்டா என்று கேட்டார்.

சின்னச்சாமி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பின்வரிசையில் உக்கிரபாண்டி எழுந்தார். கோச்சடைப் பக்கம் வயலும் அரிசி மில்லும் உள்ளவர். முதல் கூட்டத்தில் மலையம்மாள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டவர்.

"நான் வழிமொழியுறேன்" என்றார். "பால்பாண்டிகிட்ட எனக்கு ரெண்டு ஜீப்பு வந்துச்சு. தலைவருக்கு அஞ்சு. இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

பஸ் ஸ்டாண்டு கடை ஏலத்தில் பால்பாண்டி உக்கிரபாண்டிக்கு எதிராகத் தலைவரின் மருமகனை நிறுத்திய ஆத்திரம் அது. எல்லோருக்கும் தெரியும். அவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்ல மன்றம் எழுந்து நின்றது. ஒரு நாற்காலி உடைந்தது. காசிமாயன் அவசரமாகக் கை தூக்கச் சொல்லித் தீர்மானத்தைத் தோற்கடித்தார். சொன்ன பெயர்கள் எதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றக் கூடாது என்றார்.

வாசலில் உக்கிரபாண்டி அவளை நிறுத்தினார்.

"உனக்காக எந்திரிச்சேன்னு நெனைச்சுக்கிறாத."

"நெனைக்கலண்ணே. அடுத்த கூட்டத்துலயும் இதைக் கொண்டு வாரேன். மொதப் பேரா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

அண்ணே என்றது அவருக்கு அறை விழுந்தது போலிருந்தது. விறுவிறுவென்று போய்க் காரில் ஏறினார்.

மறுநாளே பாலம் திருத்த வந்த ஆட்களைப் பால்பாண்டி திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். காலனியில் மலையம்மாளின் முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் பாலமாவது வந்திருக்கும் என்றார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்துக்கு வரிசை தர மறுத்தார்கள். செல்லத்தாய் மட்டும் ஏசவில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் பஸ் ஸ்டாண்டு கடைகள் உக்கிரபாண்டிக்கு வந்து சேர்ந்திருந்தன. மலையம்மாள் தீர்மானத்தை வாசித்து, சொன்னபடி அவர் பெயரை முதலில் சொன்னாள். அவர் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். வழிமொழிய ஒருவரும் எழவில்லை. அவதூறு பேசியதாக அவளை வெளியேறச் சொன்னார் காசிமாயன். டவாலி போட்ட சேவகர் தயங்கி நிற்க, அவளே எழுந்து வந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் காலனிப் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஏசியவர்களும் அதில் இருந்தார்கள். செல்லத்தாயைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தார்கள்.

"உள்ள என்ன சொன்ன?" என்றாள் செல்லத்தாய்.

"யார் யாரு வாங்குனாகன்னு சொன்னேன். எழுத மாட்டோமுன்னுட்டாக."

"எங்ககிட்டச் சொல்லு."

மலையம்மாள் மன்றச் சுவரோரம் உட்கார்ந்து, உக்கிரபாண்டியில் ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த சின்னச்சாமி ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டார்.